மதினியின் சண்டைப் பஞ்சாங்கம்

மதினியிடம் வருஷம் கேட்டால் சண்டை சொல்லுவாள்.

"மூத்தவன் எப்பப் பெறந்தான் மதினி?" என்று கேட்டுப் பாருங்கள். தமிழ் வருஷத்தின் பேரும் வராது, இங்கிலீஷ் வருஷமும் வராது. "உப்புக்காரி படிக்குள்ள பெருவிரலை விட்டு அளந்தாள்லா, அவளை நான் கேட்டேன்லா, அதுக்கு மறு ஆடி" என்று வரும். கூரை மாற்றியது, மாமனார் தவறிப்போனது, எருமை ஈன்றது, எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ஒரு சண்டை நிற்கும். அந்தச் சண்டையைப் பிடித்துக்கொண்டு போனால் கிழமை கிடைக்கும். அன்று அடுப்பில் என்ன கொதித்தது என்பதும், எதிராளி எந்தக் காலில் சாய்ந்து நின்றாள் என்பதும்கூடக் கிடைக்கும்.

நடுவே மூன்று வருஷம் மட்டும் ஒன்றும் கிடையாது. "அந்த மூணு வருஷமும் யாரும் எங்கிட்ட வாய் குடுக்கலை. நான் எங்க போயிருந்தேனோ தெரியலை" என்பாள்.

கயிற்றுக் கட்டிலில் படுத்திருக்கும் அண்ணன் கண்ணைத் திறக்காமலே, "நான் நல்லாத் தூங்கினது அந்த மூணு வருஷந்தான்" என்பான்.

அண்ணன் என்றால் என் பெரியப்பா மகன், மதினியின் புருஷன். சீவலப்பேரிக்குப் பக்கத்தில், தாமிரபரணியிலிருந்து பிரிகிற கால்வாயின் கடைசியில் அவனுக்கு இரண்டு கோட்டை விதைப்பாடு வயல் இருந்தது. நான் எப்.ஏ. பரீட்சையில் ஒருமுறை தவறி, மறுமுறை எழுதப் பொறுமையில்லாமல், திருநெல்வேலியில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தேன். வயது இருபத்திரண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், நடந்தாவது மதினி வீட்டுக்குப் போய்விடுவேன். சாப்பாடு ஒரு காரணம். சாப்பாட்டுக்கு நடுவே கேட்கிற பஞ்சாங்கம் மற்றொரு காரணம்.

அந்த நாளில் நாங்கள் நாலு சிநேகிதர்கள் ஒரு வாசகசாலை வைத்திருந்தோம். சனிக்கிழமை சாயங்காலம் விவாதம் நடக்கும். ஒரு சனிக்கிழமை, "கோபம் அறிவுக்குத் துணையா, பகையா?" என்று தலைப்பு. நான் பகை என்ற கட்சி. முக்கால் மணி நேரம் பேசினேன்! அறிவு விளக்கு, கோபம் புகை என்றேன். புகை மூடிய கண்ணாடிக்குள் எத்தனை பெரிய சுடர் எரிந்து என்ன லாபம் என்று மேஜையைக் குத்தினேன். மேஜையைக் குத்தியது கோபத்தில் சேர்த்தியா என்று எதிர்க்கட்சிக்காரன் கேட்டதைத் தலைவர் அனுமதிக்கவில்லை. வெற்றி எனக்குத்தான்.

மறுநாள் மதினிக்கு அந்தப் பிரசங்கத்தை முழுவதும் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"புகைன்னா சொன்னீரு, கொழுந்தனாரே?"

"ஆமா மதினி. ஒண்ணும் கண்ணுக்குத் தெரியாது."

"மாட்டுக்குக் கொசு புடுங்குச்சுன்னா புகைதான போடுதோம்?" என்றாள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கோபம் வராத வேளையில் மதினியைப்போல் தடுமாறுகிறவளை நான் பார்த்ததில்லை. குழம்பில் உப்பை இரண்டு தரம் போடுவாள். இடுப்பில் சாவியைச் செருகிக்கொண்டு வீடெல்லாம் சாவி தேடுவாள். யார் இனிமையாக எதைச் சொன்னாலும் "ஆமா, ஆமா" என்று தலையாட்டுவாள். ஒருமுறை சந்தையில் ஒருவன் அன்பாகப் பேசி, நொண்டி ஆட்டை நல்ல ஆடு என்று அவள் தலையில் கட்டிவிட்டான். "நல்லாத்தானய்யா பேசினான்" என்று அந்த ஆட்டுக்கு மூன்று மாதம் கஞ்சி ஊற்றினாள்.

கோபம் வந்தால் ஆளே வேறு. முதலில் கூந்தலை அவிழ்த்து இறுக்கி முடிவாள். அதைக் கண்டதும் தெருவில் பாதிப் பேர் வீட்டுக்குள் போய்விடுவார்கள். பிறகு குரல் ஏறும் என்று நினைத்தால் அதுதான் இல்லை. குரல் இறங்கும். கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இறங்கிவிடும். திட்டமாட்டாள். எதிராளியின் குலம் கோத்திரத்தை இழுக்கமாட்டாள். கேள்வி கேட்பாள். ஒன்றன்பின் ஒன்றாக, படி இறங்குகிறதைப்போல், கேள்விகள்.

அவளுடைய எருமை நெல்லை மேய்ந்துவிட்டது என்று ஒரு வயற்காரன் அதைப் பட்டியில் கொண்டுபோய் அடைத்துவிட்டான். மதினி போனாள். நானும் கூடப் போனேன். கூந்தல் இறுகியிருந்தது.

"எந்த வயல்ல மேஞ்சுதுய்யா?"

"என் வயல்லதான். நானே நேர்ல பார்த்துப் பிடிச்சிட்டு வாரேன்."

"தண்ணி கட்டின வயலா, காஞ்ச வயலா?"

"நேத்துத்தான் தண்ணி கட்டினேன். முழங்கால் சேறு."

"இங்கன குனிஞ்சு எருமைக் காலைப் பாரும். சேறு எங்க இருக்கு? கொளம்புக்குள்ள ஆத்து மணல்லா இருக்கு. எருமை ஆத்துல கெடந்துச்சா, வயல்ல கெடந்துச்சா?"

அவன் எருமையின் காலைப் பார்த்தான். பட்டிக்காரன் அவனைப் பார்த்தான். நான் கல்லூரியில் தர்க்கம் வாசித்தவன். அதே எருமையைத்தான் கால் நாழிகையாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் கண்ணுக்கு அதன் கொம்புதான் தெரிந்தது!

அவள் கோபம் தப்பே செய்ததில்லை என்று சொல்லமாட்டேன். அரக்குச் சேலை ஒன்று காணாமல் போனது. வெளுக்கிறவள்மேல் சந்தேகம். மூன்று நாள் அவளைத் துருவித் துருவிக் கேட்டாள். அந்தப் பெண் அழுதாள். நாலாம் நாள் சேலை, நெல் கொட்டி வைக்கிற குலுக்கைக்குப் பின்னால் கிடந்தது. மதினி அந்தச் சேலையைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவழியே நடந்து அவள் வீட்டு வாசலுக்குப் போய், "எல்லாரும் கேட்டுக்கிடுங்க, தப்பு எம்மேல. இவ மேல ஒரு தப்பும் கெடையாது" என்று நாலு வீட்டுக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு வந்தாள். வந்து என்னிடம் சொன்னாள்:

"மொத நாளே கேட்டு முடிச்சிருக்கணும் கொழுந்தனாரே. கோவமும் இட்லி மாவும் ஒண்ணு. பொழுதுக்குள்ள ஊத்தி எடுத்துரணும். வச்சிருந்தா புளிச்சுப் போகும். புளிச்ச கோவத்துல கண்ணு தெரியலை."

நான் அதைக் குறித்து வைத்துக்கொண்டேன். அடுத்த விவாதத்தில் என் கட்சிக்கு உதவும் என்றுதான்! அவளும் கடைசியில் என் கட்சிக்கு வந்துவிட்டாள் என்று நினைத்தேன். அந்த நினைப்பில்தான் கால்வாய் வழக்கில் அவ்வளவு பெரிய பிசகைச் செய்தேன்.

வழக்கு இதுதான். எங்கள் கால்வாய் ஊருக்கு மேற்கே இரண்டாகப் பிரியும். ஒரு கிளை மேல்மடைக்காரர் ஒருவரின் வயல்களுக்குப் போகிறது. மற்றது கடைக்கால். அண்ணன் உள்பட ஒன்பது வீட்டு வயல்கள் அதை நம்பியிருந்தன. கடைக்கால் பிரிகிற வாயில், தரையில் ஒரு பட்டைக்கல் பதிந்து கிடந்தது. ஒரு சாண் உயரம். கால்வாய் நிறைந்து ஓடினால் தண்ணீர் கல்லைத் தாண்டிவிடும். இளைத்து ஓடினால் தாண்டாது, அவ்வளவும் மேல்மடைக்காரர் வயலுக்குத்தான். மலையில் நல்ல மழை பெய்த வருஷங்களில் அங்கே கல் கிடப்பதே யாருக்கும் தெரியவில்லை. ஒரு கார் பருவத்தில் மழை ஏமாற்றியது. கல் வெளியே தலைகாட்டியது. ஒன்பது வீட்டு நாற்றும் மஞ்சளாகிக் கருகியது. கார் போய்விட்டது. அடுத்த போகமான பிசானமும் போனால் ஒன்பது வீடும் நிலத்தை விட்டுவிட்டு இலங்கைக்கோ தோட்டக்காட்டுக்கோ போகவேண்டியதுதான்.

"அது என் பாட்டன் காலத்துக் கல்லு" என்றார் மேல்மடைக்காரர். சில வருஷத்துக்குமுன் ஒரு பெரிய வெள்ளம் வந்து கால்வாய் தூர்ந்துபோயிற்று. அதைத் தூர்வாரியது மேல்மடைக்காரரின் ஆட்கள். அப்போது போட்ட கல்தான் என்று எல்லாருக்கும் சந்தேகம். ஆனால் போட்டதைப் பார்த்தேன் என்று சொல்ல ஒருவரும் இல்லை. அவர்மேல் அண்ணன் பேரால் பிராது போட்டோம்.

அண்ணனைக் கூண்டில் ஏற்றினோம். "கல் பழசா, புதுசா?" என்று கேட்டார்கள். அண்ணன் வெகுநேரம் யோசித்து, "பார்த்தா பழசாத்தான் இருக்குய்யா" என்றான். எந்தக் கல்தான் பார்வைக்குப் புதிதாக இருக்கும்? எங்கள் வக்கீல் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

மற்ற எட்டு வீட்டாரில் பாதிப் பேர் மேல்மடைக்காரரிடம் பாட்டத்துக்கு நிலம் வாங்கியவர்கள். வாய் திறக்கமாட்டார்கள். மீதிப் பேருக்கு ஒன்றும் தெரியாது. மிஞ்சியது மதினி.

மூன்று ஞாயிற்றுக்கிழமை அவளைத் தயார் செய்தேன். என் பிரசங்கம் முழுவதையும் அவள் தலையில் இறக்கினேன் என்றே சொல்லலாம். "மதினி, கோர்ட்டுல சண்டைக் கதை ஒண்ணும் எடுக்கக் கூடாது. உப்புக்காரி கூடாது. எருமை கூடாது. கல்லு, தண்ணி, வருஷம், அவ்வளவுதான். மனசைக் குளுமையா வச்சுக்கிடணும். கோவம் வந்துச்சுன்னா, 'சண்டைக்காரி, இவ பேச்சை நம்பாதீங்க'ன்னுருவாக."

"சரி. நீரு படிச்சவரு" என்றாள். வருஷத்தைத் தனியே கேட்டுப் பார்த்தபோது அவளுக்கு ஒன்றும் வரவில்லை. அன்றைக்கு வந்துவிடும் என்று நானே தைரியம் சொல்லிக்கொண்டேன். பஞ்சாங்கத்தைப் பிடுங்கி வைத்துக்கொண்டு நாள் கேட்கிறோமே என்பது என் புத்தியில் எட்டவில்லை.

எதிர்க்கட்சி வக்கீல் கெட்டிக்காரர். மிரட்டினால் லாபமில்லை என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். தேனாகப் பேசினார்.

"அம்மா, வெயிலில் நடந்து வந்திருக்கிறீர்கள். தாகத்துக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லட்டுமா?"

"வேண்டாம்யா, இருக்கட்டும்." மதினியின் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கு நொண்டி ஆடு ஞாபகம் வந்தது.

"அந்தக் கல்லைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா?"

"கெடக்குய்யா."

"நீங்கள் வாழ்க்கைப்பட்டு வந்தபோதும் அங்கே கிடந்திருக்கும், இல்லையா தாயே?"

மதினி சிரித்தாள். "கெடந்திருக்கும்யா."

முன்சீப் எழுதிக்கொண்டார். கிடந்திருக்கும்! ஒன்பது வீட்டுப் பிசானமும் அந்த ஒரு சொல்லில் போயிற்று. என் கையிலிருந்த பேனா முள் காகிதத்தில் குத்தி ஒடிந்தது. எங்கள் வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார்.

எதிர்க்கட்சி வக்கீல் அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். மகாராஜனாக வீட்டுக்குப் போயிருக்கலாம். சர்க்கரைப் பொங்கலுக்குமேல் இன்னும் ஒரு கரண்டி நெய் விட ஆசைப்பட்டார்.

"புதிதாக ஒருவர் கல் போட்டிருந்தால் நீங்கள் சும்மா இருந்திருப்பீர்களா அம்மா? சண்டை போட்டிருக்க மாட்டீர்களா?"

"போட்டிருப்பேன்."

"அந்தக் கல்லுக்காக எங்கள் கட்சிக்காரரோடோ அவர் ஆட்களோடோ என்றைக்காவது சண்டை போட்டதுண்டா?"

மதினி என்னைத் திரும்பிப் பார்த்தாள். சண்டையைச் சொல்லாதே என்று நானல்லவா சொல்லியிருந்தேன்! ஆனால் இப்போது கேட்கிறது கோர்ட்டு.

"கல்லுக்காகப் போடலய்யா" என்றாள் தயங்கி. "வறட்டிக்குத்தான் போட்டேன்."

கோர்ட்டு சிரித்தது. வக்கீலும் சிரித்தார். "வறட்டிக்கா? யாரோடு? அதையும் சொல்லுங்கள், கேட்போம்."

"மேல்மடை அண்ணாச்சி வண்டிக்காரனோட" என்றாள். அப்புறம் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் கைகள் பின்னால் போயின. கூந்தல் அவிழ்ந்தது. இறுகியது. குரல் இறங்கியது. கடைசி வரிசையில் இருந்தவர்கள் எழுந்து முன்னால் வந்தார்கள்.

"வெள்ளம் வடிஞ்சு எட்டாம் நாளுய்யா. வெள்ளிக்கிழமை. வெறகெல்லாம் நனைஞ்சு, எட்டு நாளா அடுப்புக்கு ஒண்ணு கெடையாது. பிள்ளைகளுக்குப் பச்சத்தண்ணியும் அவலும். அன்னைக்குத்தான் வெயில் அடிக்கு. கால்வாய்க் கரையில வறட்டி தட்டிப் போட்டுட்டு நிக்கேன். இவன் வண்டியை அது மேலயே பின்னுக்குத் தள்ளுதான். செவலை மாடு ஒண்ணு, மொட்டைக் கொம்பு ஒண்ணு. 'ஏலே, கண்ணு பொடதியிலயா இருக்கு?'ன்னேன். 'கல்லு பாரம் மதினி, மாடு நிக்காது'ன்னான். 'எவன் வீட்டுக் கல்லுலே?'ன்னேன். 'மொதலாளி கால்வாய் வாயில போடச் சொன்னாரு'ன்னான். நாலு பேரு சேந்து கல்லை என் வறட்டி மேலயே புரட்டி எறக்கினாங்க. அடிப்பக்கம் மேல வந்துச்சு. பார்த்தா, ஆடுபுலி ஆட்டத்துக் கட்டம் கீறியிருக்கு! எனக்கு வந்த ஆத்திரத்துல, 'ஏலே, கட்டத்தோடல்லா கொண்டாந்திருக்க, இதுல ஆடு யாருலே, புலி யாருலே?'ன்னு கேட்டேன். அவன் வண்டியை ஓட்டிட்டுப் போயிட்டான்."

சிரிப்பு நின்றுபோயிருந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆற்றுப் படித்துறையில் மூன்றாம் படியில் அந்தக் கட்டம் இருந்தது. புளியங்கொட்டை வைத்து அதில் ஆடாத பிள்ளை எங்கள் ஊரில் கிடையாது. அந்த வெள்ளத்துக்குப் பிறகு அந்தப் படி காணவில்லை. வெள்ளம் கொண்டுபோய்விட்டது என்று ஊர் முழுதும் சொன்னது.

மதினிக்கும் அது அப்போதுதான் தட்டுப்பட்டது. அவள் அந்தச் சண்டையை வறட்டிச் சண்டை என்று எடுத்து வைத்திருந்தாள். கல் அதற்குள் கிடந்தது.

"மூணாம் படி!" என்றாள். "என் மூத்தவன் அதுல உக்காந்து ஆடியிருக்கான். வெள்ளம் கொண்டுபோச்சுன்னு நானுந்தான் சொன்னேன். வெள்ளம் என்னய்யா, வண்டி கட்டிக்கிட்டா வரும்?"

வக்கீலின் குரலில் தேன் வற்றியது. "இதெல்லாம் யாரோ சொல்லிக்கொடுத்த கதை!"

"சொல்லிக்குடுத்தவரு அந்தா இருக்காரு" என்று மதினி நேரே என்னைக் கை காட்டினாள். "சண்டையைச் சொல்லாதீங்கன்னுதான் சொல்லிக்குடுத்தாரு. ஐயா, பேச்சு என்னத்துக்கு? கல்லு அங்கனதான் கெடக்கு. புரட்டிப் பாருங்க. கட்டம் இல்லைன்னா நாங்க வயலை விட்டுட்டுப் போயிருதோம்."

"ஏளா!" என்றான் அண்ணன். அவன் சத்தம் போட்டு நான் கேட்டது அந்த ஒரு தரந்தான்.

முன்சீப் கல்லைப் புரட்டிப் பார்த்து வர ஒரு கமிஷனரை அனுப்பினார். ஒரு வாரம் தவணை. அந்த ஒரு வாரம் நான் தூங்கவில்லை. குலுக்கைக்குப் பின்னால் கிடந்த சேலை வந்து வந்து கண்ணில் நின்றது. ஒருவேளை அவள் கோபம் கட்டத்தைத் தானே கீறிக்கொண்டிருந்தால்? பொறுக்க முடியாமல் ஓடிப்போய், "மதினி, கட்டம் நிச்சயமா இருந்துச்சா?" என்று கேட்டேன்.

கோபமெல்லாம் இறங்கிப் பிள்ளைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். "இருந்த மாதிரிதான் இருக்கு, கொழுந்தனாரே" என்றாள்.

எப்படி இருக்கும் எனக்கு!

கமிஷனர் வந்த காலையில் மேல்மடைக்காரர் குடையோடு வந்து நின்றார். ஆறு பேர் கடப்பாரை போட்டு நெம்பினார்கள். கல் சேற்றை விட்டுப் பெயர்ந்து கரையில் புரண்டது. ஒருவன் குடத்துத் தண்ணீரை அதன்மேல் கொட்டினான். முதலில் ஒரு சாய்ந்த கோடு தெரிந்தது. அப்புறம் இன்னொன்று. கோடும் குறுக்குக் கோடும் மூலையும் எல்லாம் வந்துவிட்டன. கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்கள். கமிஷனர் குனிந்து படம் வரைந்துகொண்டார்.

கல் போன இடத்தில் தண்ணீர் ஒருவரையும் கேட்காமல் கடைக்காலுக்குள் நுழைந்துவிட்டது. அண்ணன் வேட்டியை மடித்துக்கொண்டு அதன் கூடவே கரையில் நடந்தான்.

அப்போதுதான் எதிர்க்கட்சிக் குமாஸ்தா கூவினார்: "தீர்ப்பு ஆகவில்லை! கல்லை எடுத்த இடத்தில் வைக்க வேண்டும்!" சட்டப்படி அதுதான் சரி. கமிஷனரும் தலையசைத்தார். அண்ணன் நடந்தவன் நின்றுவிட்டான். மற்ற எட்டு வீட்டு ஆண்களில் இரண்டு பேர் கல்லின்மேல் ஏறி நின்றுகொண்டார்கள். ஒருவன் மண்வெட்டியை எடுத்தான். ஓர் அடி விழுந்தால் போதும். வழக்கு கிரிமினல் கோர்ட்டுக்குப் போகும், ஜெயித்ததெல்லாம் ஆற்றோடு போகும். மதினியின் கை கூந்தலுக்குப் போவதைப் பார்த்தேன். 'கோபப்படாதீங்க' என்று சொல்ல வாயைத் திறந்தேன். நல்லவேளை, மூடிக்கொண்டேன்.

"எறங்குலே கீழே" என்றாள் கல்லின்மேல் நின்றவனிடம். அவன் இறங்கினான். கமிஷனரிடம் திரும்பினாள். குரல் கிணற்றுக்குள் இருந்தது.

"ஐயா, உத்தரவுல என்ன போட்டிருக்கு?"

"இருந்த இடத்தில், இருந்த உயரத்தில் கல்லைத் திருப்பி வைக்க வேண்டும் என்று இருக்கிறது அம்மா."

"எடமும் ஒசரமும் போட்டிருக்கு. எந்தப் பக்கம் மேலன்னு போட்டிருக்கா?"

கமிஷனர் காகிதத்தைப் படித்தார். பின்புறம் திருப்பியும் பார்த்தார்.

"இல்லை."

"அப்பக் கட்டம் மேல வாறாப்புல வைக்கச் சொல்லுங்க."

எதிர்க்கட்சிக் குமாஸ்தாவும் காகிதத்தை வாங்கிப் படித்தார். மண்வெட்டிக்காரனுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அவனே ஒரு பக்கம் தூக்கிக்கொடுத்தான். கல் பழைய இடத்தில், பழைய உயரத்தில், முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தது. தண்ணீர் நின்றது. ஒருவரும் ஒருவரையும் அடிக்கவில்லை.

கால்வாய் இளைத்துத்தான் ஓடியது. கல் காய்ந்து கிடந்தது. மறுநாளே பிள்ளைகள் புளியங்கொட்டையோடு வந்துவிட்டார்கள். மேல்மடைக்காரர் வயலுக்குப் போகும் வழி அதன்மேல்தான். தினம் அவர் கால் வைக்கும்போது ஆட்டம் நடந்துகொண்டிருக்கும். "அண்ணாச்சி, பையப் போங்க, புலி மாட்டிக்கிட்டு நிக்கு" என்று பெரியவர்களும் சொல்லத் தொடங்கினார்கள். ஒன்பது நாள் பொறுத்தார். பத்தாம் நாள் காலையில் அவர் ஆட்களே கல்லைப் பெயர்த்து எடுத்தார்கள்.

அன்று மத்தியானம் அவர் அண்ணன் வீட்டுக்கு வந்தார். பின்னால் ஒருவன் ஒரு வாழைத்தாரைச் சுமந்து வந்தான். நானும் அங்கே இருந்தேன். தண்ணீர் வந்துவிட்ட சந்தோஷத்தில் மதினி முகமெல்லாம் குளிர்ந்திருந்தது. அவருக்கு மோர் கொடுத்தாள். அந்த மோரில் உப்பு நிச்சயம் இரண்டு தரம் விழுந்திருக்கும். அவர் முகம் சுளிக்காமல் குடித்தார்.

"தங்கச்சி, நாம ஒரே ஊருக்காரங்க" என்றார் அவர். "உங்க அண்ணன் மாதிரி சொல்லுதேன். கல்லை எடுத்தாச்சு. இனிப் போடமாட்டேன். என் வாய்ச்சொல்லு போதாதா? நாளைக்குக் கோர்ட்டுல போயி பிராதை வாபஸ் வாங்கிரச் சொல்லு. நமக்குள்ள எழுத்து எதுக்கு?"

இனிமையாகத்தான் சொன்னார். மனசாரச் சொன்னார் என்றும் நினைக்கிறேன். அண்ணன் தலையாட்டிவிட்டான். மதினியின் தலையும் லேசாக ஆடத் தொடங்கியது. அந்தத் தலை பாதியில் நின்றது.

"அண்ணாச்சி" என்றாள், மிகுந்த மரியாதையாக. "எனக்கு இப்ப மனசு குளுந்து கெடக்கு. ஒரு கோவமும் இல்லை. இந்த மாதிரி நேரத்துல நான் எதுக்கும் சரின்னு சொல்லக் கூடாது. சொன்னா தப்பாத்தான் சொல்லுவேன்."

வாழைத்தாரை வாங்கி உள்ளே வைத்தாள். போகிற போக்கில் என் பக்கம் திரும்பினாள்.

"கொழுந்தனாரே, இவுக சொன்னதை அப்பிடியே எழுதி, கோர்ட்டுல வச்சுக் கையெழுத்து வாங்கும். நான் கொல்லைப்பக்கம் போயிருதேன். இங்கன இருந்தா எழுத்து வேண்டாம்னுருவேன்."

மேல்மடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் பையிலிருந்து காகிதத்தை எடுத்தேன்.